ஒவ்வொன்றாகக் கழற்றி

மூன்றாவது தடவையும் அந்தச் சத்தம் வந்தபோது ஜெயசிங் கீபோர்டை விட்டு எழுந்துவிட்டார். எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம் என்று பியூலா நினைத்தாள். எழுந்தால் தேடுவார், தேடினால் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார், பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்துவருகிற மனுஷன், வீட்டில் குழாய் சொட்டினால்கூட தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஸ்பானரோடு போய் நிற்கிறவர். "இன்னொரு வாட்டி வாசி," என்றார். வாசித்தாள். தடித்து, நீண்டு, மண்டபத்தின் தரையோடு ஊர்ந்து போக வேண்டிய ஒரே ஒரு சுரம், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி கொளகொளவென்று வந்து பாதியில் அறுந்தது. பாளையங்கோட்டையில் பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டிய அந்தக் கல்யாண மண்டபத்தில் மணி மூன்றாகியிருந்தது, வரவேற்பு ஆறரைக்கு, மேடைக்குக் கீழே நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள், உறை மாட்டுகிற பெண்ணொருத்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சிரிக்கத்தான் செய்வாள், கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பியூலாவுக்கு பேஸ் கிட்டாரின் பட்டை தோளை அறுத்தது. காலையில் எழுந்ததிலிருந்தே கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம், தூக்கம் என்றும் சொல்ல முடியாது, தூங்கி எழுந்தாலும் போகாத ஒன்று, ஆறு மாதமாக ஒரு விஷயத்தை ஒளித்துவைக்கிறவளுக்கு வேறு என்ன இருக்கும், உட்காரலாமா என்று பார்த்தாள், மேடையில் அவளுக்கென்று நாற்காலி எப்போதும் போடுவதில்லை, பேஸ் வாசிக்கிறவள் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்பது ஜெயசிங்கின் கட்சி. "புதுப் பெட்டிதான் தகராறு பண்ணுதோ?" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கனி பாய் கேட்டார். "இருங்க பாய்," என்றார் ஜெயசிங், "ஒண்ணொண்ணாக் கழத்திப் பாத்திருவோம்." சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் காலடியில் முட்டி போட்டார்.

ஒவ்வொன்றாக. ஐந்து பெட்டிகள், பலகையில் வரிசையாக, கிட்டாரிலிருந்து கிளம்புகிற சத்தம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் புகுந்து வெளியே வந்து கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும், முதலில் சுதி பார்க்கிற டியூனர், அப்புறம் கம்ப்ரஸர், அப்புறம் ஆக்டேவ், அப்புறம் ஏப்ரலில் சென்னையிலிருந்து அவர் வாங்கிவந்த இந்த சின்த் பெடல், கடைசியில் ஃபஸ். அவர் ஃபஸ்ஸைக் கழற்றினார். பழையது, ஆரஞ்சு வண்ணம் பாதி உரிந்தது, சத்தத்தைக் கிழித்துக் கரகரப்பாக்குவது, அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார், அவளுக்கு முதுகில் ஒரு போர்வையை யாரோ உருவின மாதிரி இருந்தது. ஏனென்றால் ஜனவரி பூராவும் அவள் அதற்குள்தான் ஒளிந்திருந்தாள். எந்தப் பாட்டாக இருந்தாலும் பல்லவி முடிந்ததும் காலால் அதை மிதித்துவிடுவாள், அந்தக் கரகரப்புக்குள் மோதிர விரல் சரியாக அழுத்தாததும் சுண்டு விரல் பக்கத்துத் தந்தியில் இடித்ததும் தெரியாது, தப்பெல்லாம் வேண்டுமென்றே செய்ததுபோல் ஆகிவிடும். நித்யாகூட, குழுவில் பாடுகிற பெண், "அக்கா இப்பல்லாம் செம மாஸா வாசிக்கீங்க," என்றாள், அன்றைக்கு பாத்ரூமில் போய் நின்று பியூலா அழுதாளா சிரித்தாளா என்று இப்போது ஞாபகமில்லை, குழாயைத் திறந்துவிட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது. கிறிஸ்மஸ் ஆராதனையில்தான் தொடங்கியது. கையை மடக்கி வைத்துத் தூங்கியதால் மரத்திருக்கிறது என்று நினைத்தாள், கோயிலில் இருந்த மூன்று மணி நேரமும் உதறி உதறிப் பார்த்தாள், பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த சபை அம்மாக்கள் பாட்டுக்கு அசைகிறாள் என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் போய்விடும் என்றிருந்தாள். மறுநாள் பூண்டு நறுக்கியபோது பலகையில் சிவப்பாக என்னவோ பரவியது, பீட்ரூட் நறுக்கவில்லையே என்று யோசித்தாள், அப்புறம்தான் விரலைப் பார்த்தாள், விரல் வெட்டுப்பட்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, வலியே இல்லை, வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி. "வாசி," என்றார் ஜெயசிங் கீழேயிருந்து. வாசித்தாள். கொளகொள. "அதுல்ல," என்றார்.

ஆக்டேவைக் கழற்றினார். வாசிக்கிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைக் கூடவே அனுப்புகிற பெட்டி, பிப்ரவரியில் அதற்குள் இருந்தாள். கிட்டாரின் கழுத்தில் மேலே, தலைப் பக்கம், கட்டைகள் அகலம், விரலை விரிக்க வேண்டும், சுண்டு விரல் இல்லாமல் முடியாது. கீழே உடம்புப் பக்கம் வந்தால் நெருக்கம், ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வைத்தே சமாளிக்கலாம், அங்கே வாசித்துவிட்டு சத்தத்தை மட்டும் இந்தப் பெட்டி கீழே இறக்கிக் கொடுத்துவிடும். தானே கண்டுபிடித்த வித்தை. ரெண்டு விரல்காரி. கனி பாய் ஒருநாள், "ஏன் தங்கச்சி, கை அங்கயே நிக்கி?" என்று கேட்டார், "அங்கதான் பாய் சத்தம் நல்லாருக்கு," என்றாள், அவர் தலையை ஆட்டிவிட்டு வேறெங்கோ பார்த்தார், நம்பினாரா, நம்பாமல்தான் வேறெங்கோ பார்த்தாரா, அதையே ராத்திரி பஸ்ஸில் கோவில்பட்டி வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தாள். நினைப்பு ஓரிடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டால் அப்படியே நிற்கும், எடுத்து வேறு பக்கம் வைத்தாலும் திரும்ப அங்கேயே போகும், கனி பாய் வேறெங்கோ பார்த்தது, மார்ச்சில் போய்ப் பார்த்த டாக்டர் பேனாவை மூடியது, ஜெயசிங்கின் இடது கை. முக்கியமாக அந்த இடது கை. கீபோர்டில் இடது கையால் பேஸ் வாசிக்க அவரால் முடியும், எந்தக் கீபோர்டுகாரராலும் முடியும், மாவட்டத்தில் பாதிக் குழுக்களில் பேஸ் கிட்டாருக்கு ஆளே கிடையாது, கீபோர்டுக்காரரின் இடது கை, இல்லாவிட்டால் லேப்டாப். இந்தச் சத்தத்தைத்தான் இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், மிஷினிலிருந்து வருகிற அந்தத் தடித்த உறுமல், பிள்ளைகள் ஆடுவதற்கு அது வேண்டும். "நம்ம குழுவுல பேஸுக்கு ஆள் இருக்கு, ஆள்தான் வாசிக்கும்," என்று சொல்லி ஒரு கல்யாண வீட்டில் அவர் சண்டையே போட்டார், சண்டை போட்டுவிட்டு வந்து பத்து நாளில் சென்னைக்குப் போய் இந்த சின்த் பெடலை வாங்கிக்கொண்டு வந்தார். "இனிமே நீ கிட்டார்லயே அந்தச் சத்தத்தைப் போடலாம், ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது." பெட்டியை அவள் மடியில் வைத்தார். அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்.

"வாசி." கொளகொள. "அடாப்டரா இருக்கும் தம்பி, கரண்டு சரியா வராட்டி இப்பிடித்தான் பேசும்," என்றார் கனி பாய். ஜெயசிங் அடாப்டரை மாற்றினார். அவர் பின்னங்கழுத்தில் வேர்வை இறங்கிக் காலருக்குள் போவது அவளுக்குத் தெரிந்தது, ஐம்பத்தியொரு வயது, முட்டி வலி இருக்கிறது, ராத்திரி தைலம் தேய்த்துவிடுவதே அவள்தான், அந்த முட்டியை மேடைப் பலகையில் ஊன்றிக்கொண்டு தவழ்கிறார், இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, கேபிளின் முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி. வாயைத் திறந்தால் போதும். ரெண்டே வார்த்தை. "ஏங்க, விடுங்க," என்று ஆரம்பித்தாள், "வேற பாட்டைப் பாப்போம், இந்தப் பாட்டை விட்டிருவோம்." "விட்டிருவோமா? அவங்க எழுதிக் கொடுத்ததுல மொதப் பாட்டே இதான், பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள வர்ற பாட்டு. நீ பேசாம நில்லு, ரெண்டு நிமிஷம்." கம்ப்ரஸரைக் கழற்றினார். சின்னப் பெட்டி, நீலம், மெதுவாகத் தொட்டதையும் பலமாகத் தொட்டதையும் ஒரே அளவாக்கி அனுப்புகிறது, அதனுடைய திருகை மார்ச் மாதம் யாருக்கும் தெரியாமல் கடைசிவரை திருப்பிவைத்தாள், பலவீனமான விரலுக்கும் பலமான விரலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. இரக்கமுள்ள பெட்டி. மற்ற எல்லாப் பெட்டியும் இரக்கமுள்ளவைதான், ஒன்று மறைக்கும், ஒன்று தாங்கும், ஒன்று கீழே இறக்கிவிடும். இந்தப் புதியதுக்குத்தான் இரக்கம் கிடையாது. இது அவள் சத்தத்தை வாங்கிக்கொள்வதே இல்லை, என்ன சுரம் வாசித்தாள் என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு அதே சுரத்தில் தன்னுடைய சத்தத்தைத் தானே செய்கிறது, அதற்கு ஒரு சுரம் வேண்டும், ஒன்றே ஒன்று, சுத்தமாக. பக்கத்துத் தந்தி லேசாக முனகினாலும் எது சுரம் என்று அதற்குத் தெரியாது, அதுவா இதுவா அதுவா இதுவா என்று தடுமாறும், அந்தத் தடுமாற்றம்தான் இந்தக் கொளகொள. சுண்டு விரல் எங்கே படுகிறது என்று அவளுக்கே தெரியாதபோது அதற்கு எப்படித் தெரியும். வீட்டில் அவர் டியூஷன் எடுக்கப் போயிருந்த நேரமெல்லாம் இதனோடு உட்கார்ந்து பார்த்தாள், விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தாள், பார்த்தால் வருகிறது, பார்வையை எடுத்தால் போய்விடுகிறது. மேடையில் குனிந்து விரலையே பார்த்துக்கொண்டு எப்படி வாசிப்பது. மேடையில் பார்ப்பதற்கு வேறு இருந்தது.

மேடையில் அவரைப் பார்ப்பாள். அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது, அவருக்கே புரியுமோ என்னவோ. வீட்டில் ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வது இல்லை, சண்டை எல்லாம் ஒன்றுமில்லை, பேச ஒன்றும் இருப்பதில்லை, பெண் பெங்களூருக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு சாப்பாட்டு மேசையில் டி.வி.தான் பேசுகிறது. ஆனால் பாட்டு முடியப் போகும்போது, கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில், அவர் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து தாடையை லேசாக உயர்த்தி அவளைப் பார்ப்பார், பாடுகிறவளைப் பார்க்க மாட்டார், கனி பாயைப் பார்க்க மாட்டார், அவளை, அவள் கண்ணை மூடித் திறப்பாள், ரெண்டு பேரும் ஒரே இடத்தில் போய் இறங்குவார்கள். ஒரு நாளைக்கு இருபது பாட்டு, இருபது தடவை. கணவனும் மனைவியுமாக அவர்கள் வாழ்கிற வாழ்க்கையே அந்த இருபது பார்வைதானோ என்று ஒருநாள் பஸ்ஸில் தோன்றியது. இதை எப்படி அந்த டாக்டரிடம் சொல்வது. ஹைகிரவுண்ட் பக்கத்து கிளினிக், ஜவுளி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். டாக்டர் பஞ்சை எடுத்து ஒவ்வொரு விரலிலும் தடவினார், ஊசி மாதிரி ஒன்றால் குத்தினார், "முழங்கையில நரம்பு அழுந்தியிருக்கு, இந்த ரெண்டு விரலுக்கும் அந்த வழியாத்தான் போகுது," என்றார், என்ன வேலை என்றார், கிட்டார் என்றாள், "பொழுதுபோக்குக்கா?" என்றார். ஆறு மாதம் தொடக் கூடாது. அப்புறம் ஆப்பரேஷன் தேவைப்படலாம். உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. பேனாவை மூடினார், அந்த டக் சத்தம். ஆறு மாதம் தொடாமல் இருந்தால் ஆறு மாதம் ஜெயசிங்கின் இடது கை வாசிக்கும், ஆறு மாதம் வாசித்துப் பழகின இடது கையை யார் எடுக்கச் சொல்வார்கள், குழுவுக்கு ஓர் ஆள் குறைச்சல், வேனில் ஓர் இடம் மிச்சம், அவள் வீட்டில் டி.வி.க்கு எதிரே. அதனால் தொட்டாள். தொட்டுத் தொட்டு இன்னும் கெடுத்திருக்கிறாள், அதுவும் தெரியும், சமீபமாக மோதிர விரலில் பாதிக்கு இருந்த உணர்ச்சியும் இல்லை, எல்லாம் தெரிந்தும்தான் தொட்டாள், களைப்பாக இருக்கிறது, ஒளித்துவைப்பதற்கு இத்தனை பலம் வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் ஒளித்திருக்க மாட்டாளோ.

இப்போது பலகையில் சின்த் பெடல் மட்டும் இருந்தது. டியூனரும் போய்விட்டது. மற்ற நாலும் ஓரமாக, கேபிள் பிடுங்கப்பட்டு, பல் பிடுங்கின மாதிரி. கிட்டாரிலிருந்து ஒரே கேபிள் நேராகப் பெடலுக்கு, பெடலிலிருந்து ஸ்பீக்கருக்கு. "வாசி." அவளுக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. தூக்கினாள். கொளகொள. நாற்காலிப் பெண் இப்போது சிரிக்கவில்லை, அவளுக்குக்கூடச் சலித்துவிட்டது. "இந்த கேபிள் ஒண்ணுதான் பாக்கி," என்றார் ஜெயசிங், சாமான் பையிலிருந்து புதுக் கேபிள் எடுத்தார், உறையைப் பல்லால் கிழித்தார், மாட்டினார். இனி கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இனி நான்தான், என்று பியூலா நினைத்தாள், வரிசையில் அடுத்தது நான், என்னைத்தான் கழற்ற வேண்டும். பட்டையைத் தலை வழியாக எடுத்தாள். "நீங்க வாசிச்சுப் பாருங்க," என்று கிட்டாரை அவரிடம் நீட்டினாள். "எனக்கு எங்க வரும் இது," என்றார், ஆனாலும் வாங்கிக்கொண்டார், தரையில் உட்கார்ந்தபடியே மடியில் போட்டுக்கொண்டார், கீபோர்டு வாசிக்கிற தடித்த விரலால் தந்தியை ஓர் இடத்தில் அழுத்தி, இன்னொரு கையால் தட்டினார். மண்டபமே நிறைந்தது. தடித்து, நீண்டு, தரையோடு ஊர்ந்து போய்க் கடைசிச் சுவரில் முட்டித் திரும்பிவந்தது. இன்னொரு சுரம். அதுவும் அப்படியே. நாற்காலி உறை மாட்டுகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கனி பாய் கையிலிருந்த குச்சிகளை மடியில் வைத்தார்.

ஜெயசிங் சிரித்தார். "கேபிள்தான்டீ!" என்றார். "பாத்தியா, நான் சொன்னேம்லா? ஒத்தக் கேபிளுக்கு முக்கா மணி நேரம் போச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார், கன்னத்தில் தரைத் தூசி ஒட்டியிருந்தது, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருந்தார். கிட்டாரை அவளிடம் திருப்பி நீட்டினார். பியூலா அதை வாங்காமல் நின்றாள். கேபிள்தான் என்று விட்டுவிடலாம். நன்றாகவே இருக்கிறது, எல்லாருக்கும் சந்தோஷம், அவர் போய் டீ குடிப்பார், சாயங்காலம் வரைக்கும் நேரம் கிடைக்கும், சாயங்காலம் மறுபடி கொளகொளத்தால் இன்னொரு கேபிள், மழை, கரண்டு, மண்டபத்து வயரிங், காரணத்துக்கா பஞ்சம். அவர் மறுபடி முட்டி போடுவார். ஒவ்வொரு தடவையும் முட்டி போடுவார், அவள் மேலே நின்றுகொண்டு அவருடைய பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "கேபிள் இல்லங்க," என்றாள். குரல் ஸ்பீக்கரில் வந்த பழைய சத்தம் மாதிரியே இருந்தது. "என் விரல்ங்க. ரெண்டு விரல் செத்துப்போய்க் கெடக்கு."

அவர் கிட்டாரைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். "எதுக்கு?" என்றார், என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டது. "கிறிஸ்மஸ்லேருந்து. மார்ச்சுல டாக்டர்ட்ட போனேன். வாசிக்கக் கூடாதுன்னாரு." அவர் மனசுக்குள் மாதங்களை எண்ணுவது தெரிந்தது, ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல் வந்ததும் கண் அந்தப் பெடலுக்குப் போயிற்று. "நான் இதை வாங்கிட்டு வந்தப்போ..." "ஆமா." "முக்கா மணி நேரமா நான் தரையில தவழுதேன்," என்றார், குரல் மேலே போயிற்று, நித்யா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள், "முக்கா மணி நேரம்! நீ பாத்துக்கிட்டு நிக்கே. பாத்துக்கிட்டே நிக்கே!" "ஆமா," என்றாள். அவர் கிட்டாரைப் படுக்கவைத்தார், கோபத்திலும் மெதுவாகத்தான் வைத்தார். கனி பாய், "வாம்மா நித்யா, டீ வந்துருக்கான்னு பாப்போம்," என்று அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். "கையைக் காட்டு," என்றார் ஜெயசிங்.

அவள் குனிந்து இடது கையை நீட்டினாள், அப்படியே அவருக்கு எதிரே மேடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சுண்டு விரல் நுனியில் நகத்தை அழுத்தினார். "தெரியுதா?" "இல்ல." மோதிர விரல். "இது?" "இல்ல." நடு விரல். "வலிக்கி." மறுபடி சுண்டு விரல், நடுக் கணு, அடிக் கணு, உள்ளங்கை ஓரம், மணிக்கட்டு, "இங்க?" "கொஞ்சம்." "இங்க?" "தெரியுது." அவர் முகத்தில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, கேபிளைப் பார்த்த அதே முகம், கண்ணாடி நெற்றியில், உதட்டைக் கடித்துக்கொண்டு. கை மேலே ஏறியது. முழங்கையின் உள் எலும்புக்குப் பக்கத்துப் பள்ளத்தில் விரலால் லேசாகத் தட்டினார், சுரீர் என்று ஒன்று கிளம்பி ஓடிப்போய்ச் சுண்டு விரல் நுனியில் அடித்தது, பியூலா "அம்மா!" என்று கையை இழுத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த விரல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. "இங்கதான்," என்றார். அந்த இடத்திலேயே உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார், எடுக்கவில்லை. "ஏன் சொல்லல?" "சொன்னா நீங்க இடது கையில வாசிச்சிருவீங்க." "வாசிச்சா?" ஆறு மாதமாக அந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து வந்து திரும்பியிருக்கிறாள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "வாசிச்சா நான் எங்க இருக்க?" என்றாள் கடைசியில். ஜெயசிங் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேடையிலிருந்து இறங்கிப் போய், வெள்ளை உறை மாட்டி முடித்திருந்த நாற்காலி ஒன்றை, அந்தப் பெண் "சார், சார்" என்று கூப்பிடக் கூப்பிட, தூக்கிக்கொண்டு வந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் போட்டார். "இங்க இரு," என்றார். "நாளைக்குக் காலைல அந்த டாக்டர்ட்ட ரெண்டு பேரும் போறோம்."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒவ்வொன்றாக அவளைவிட்டுக் கழன்று போகிற மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, கொட்டாவி வந்தது. இதுதானா, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள். இல்லை, இவ்வளவு மட்டும் இல்லை, நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ, ஆறு மாதம் கழித்து யார் வாசிப்பார்களோ, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஒன்றும் தீரவில்லை, சுமந்துகொண்டிருந்ததை இன்னொருத்தர் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார், அவ்வளவே. கனி பாய் டீயோடு வந்தார், ஒன்றும் கேட்காமல் அவள் வலது கைப் பக்கம் டம்ளரை வைத்தார், டிரம்ஸில் போய் உட்கார்ந்து குச்சியால் நாலு தட்டினார். பாட்டு தொடங்கியது. ஜெயசிங்கின் இடது கை பேஸை வாசித்தது, கட்டைகளைப் பார்த்துக்கொண்டே, பள்ளிக்கூடப் பையன் எழுத்துக்கூட்டுகிற மாதிரி. சத்தம் சுத்தமாக இருந்தது, கொளகொளப்பு இல்லை, உயிரும் அதிகம் இல்லை. பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். "சரியா வருதா?" என்று வாசித்தபடியே கேட்டார். "இல்ல," என்றாள். "முந்துதீங்க. டிரம்ஸ் விழட்டும், அப்புறம் நீங்க விழுங்க." அடுத்த சுற்றில் காத்திருந்தார், காத்திருந்தது அதிகமாகிவிட்டது. "இப்ப பிந்திட்டு." அவர் ஏதோ முணுமுணுத்தார். "கோபத்தைக் கையில காட்டாதீங்க," என்றாள், "அந்த ரெண்டாவது சுரத்தை விட்டிருங்க, அது வேண்டாம், அங்க சும்மா இருங்க." அவர் அங்கே சும்மா இருந்தார். சும்மா இருந்த அந்தச் சின்ன இடத்தில் பாட்டு மூச்சு வாங்கியது, நித்யா பாடத் தொடங்கினாள், கனி பாய் "ஆங்" என்றார். "இப்ப?" என்று கேட்டார் ஜெயசிங். பியூலா கண்ணைத் திறக்காமல் அடுத்த சுற்றுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார், தூங்கிவிட்டாள் என்று நினைத்தார், மெதுவாக வாசித்தார்.